குறை காணும் தொழில்

கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வங்காளம் கற்றுக்கொடுத்தவை இரண்டு: கடுகெண்ணெய்ச் சமையல், கால்பந்துப் பித்து. முன்னதை எல்லா வீடுகளும் ஏற்கவில்லை. பின்னதை ஏற்காத வீடு நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இல்லை. உள்ளூர் ஆட்டம் போதாதென்று, சனிக்கிழமை இரவுகளில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களையும் டெலிவிஷனில் கண்விழித்துப் பார்க்கிறோம்.

ஆட்டத்தைப் பற்றி நமக்குக் குறையொன்றுமில்லை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கோட்டணிந்து வீற்றிருக்கும் விமரிசகர்களைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம். பெரும்பாலோர் ஒரு காலத்தில் புகழுடன் ஆடியவர்கள். ஒரு வீரன் அரை விநாடியில் செய்த முடிவை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, வட்டமிட்டுக் காட்டி, அவன் தகுதியற்றவன் என்று இவர்கள் தீர்ப்புக் கூறும்போது, நமக்கு டிக்கெட் கவுண்டரும் தணிக்கை அதிகாரியும் நினைவுக்கு வருகின்றனர். வண்டி புறப்பட ஐந்து நிமிஷமே இருக்க, வரிசை வாசல்வரை நீண்டிருக்க, நாம் எழுதிய கணக்கை அவர் மூன்று மாதம் கழித்து மின்விசிறியின்கீழ் அமர்ந்து பார்க்கிறார். அவர் காண்பது பிழைதான்; பொய்யன்று. ஆனால் அந்த வரிசை மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணி ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றது. சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல இயலாது என்று பி.பி.ஸி.யில் ஆலன் ஹான்ஸன் அன்றே முடிவு கட்டினார். லிவர்பூல் அணிக்காகப் பல பட்டங்கள் வென்றவர் அவர், ஆட்டம் அறியாதவரல்லர். அச்சிறுவர்களோ அதே பருவத்தில் லீகையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்தே வென்றனர்.

2024இல் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்து டென்மார்க்குடன் 1-1 என்று சமன் செய்தபோது, முன்னாள் தலைவர் காரி லினேக்கர் கடுஞ்சொற்களால் சாடினார். அணித் தலைவர் ஹாரி கேன் பொறுமையாகவே பதிலளித்தார்: அந்தச் சட்டையை அணிவதன் சுமையை முன்னாள் வீரர்கள் மறக்கலாகாது, நாடு நெடுங்காலமாக எதையும் வெல்லவில்லை, அக்காலத்தில் ஆடியவர்களில் அவர்களும் உண்டு என்றார். அடுத்த ஆட்டமும் சமனாகவே, பயிற்சியாளர் சௌத்கேட்டை நோக்கி ரசிகர்கள் பிளாஸ்டிக் குவளைகளை வீசினர். அந்த அணிதான் இறுதி ஆட்டம் வரை சென்று ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்றது.

குறையே கூறலாகாது என்பது நம் கட்சியன்று. இனிப்பாகவே பேசுபவர் விமரிசகரல்லர், விளம்பரக்காரர். ஆனால் இந்தப் பேச்சு டெலிவிஷன் பெட்டியோடு நிற்பதில்லை.

நம் காலனி மைதானத்தில் பன்னிரண்டு வயதுப் பையனொருவன் கோல் காப்பவன். ஒரு ஞாயிறு காலை இரண்டு கோல்களை விட்டுவிட்டான். தோழர்கள் வைதிருந்தால்கூடத் தேவலை. டெலிவிஷன் குரலில், ஆங்கிலத்தில், ஒருவன் அவன் குறைகளை அடுக்க, மற்றொருவன் விளக்கவுரை கூறினான். அந்த இருவரில் ஒருவன் நம் வீட்டுப் பிள்ளை. பையன் அதன்பின் மைதானத்துப் பக்கமே வரவில்லை. "கையுறையைத் தூக்கிப் பரண்மேல போட்டுட்டான், அண்ணா. கேட்டா, நான் லாயக்கில்லைன்னு இங்கிலீஷ்லயே சொல்றான்" என்றார் அவன் தாயார்.

அன்றிரவு நம் பிள்ளையிடம் பி.கே. பானர்ஜியைப் பற்றிச் சொன்னோம். அவர் நம் ரயில்வே மனிதர். 1958இல் கல்கத்தா லீகை வென்ற கிழக்கு ரயில்வே அணியில் ஆடியவர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் அல்லாத வேறோர் அணி மீண்டும் அப்பட்டத்தைப் பெற 2019 வரை ஆயிற்று. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்தவரும் அவரே. பிற்பாடு பயிற்சியாளரானார். ஆட்டத்துக்குமுன் அவர் வீரர்களிடம் பேசும் பேச்சுக்கு வங்காளத்தார் வைத்த பெயர் ‘வோக்கல் டானிக்’, வாய்ச்சொல்லாலான மருந்து. 1977 செப்டம்பரில் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியுடன் ஈடன் கார்டனில் 2-2 என்று சமன் செய்த மோகன் பகானுக்கு அவரே பயிற்சியாளர். தம் வீரர்களின் குறைகளை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

"அப்படி என்னதாம்பா சொல்லுவார்?" என்று கேட்டான் பிள்ளை. கேட்டவர்கள்தாம் சொல்ல வேண்டும் என்றோம்.

இன்று மாலை அவன் அடுத்த பிளாக்குக்குப் போயிருக்கிறான். பந்தையும் எடுத்துச் சென்றிருக்கிறான்.