மூச்சு விடப் போய் வந்தோம்

"மூச்சு விடுவதற்கும் காசா?"

மகள் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். கிள்ளானில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சுப் பயிற்சியாம். ஆளுக்கு 80 வெள்ளி. "அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்கப்பா, பணம் கட்டிட்டேன்" என்றாள். பணம் கட்டியாகிவிட்டது என்றதும் என் வாய் அடைத்துப் போயிற்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், கட்டிய காசை விட மனம் வருமா?

அவள் ஏன் அழைத்தாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 2018ஆம் ஆண்டு என் மூத்த மகன் இரவு வேலை முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். 29 வயது. அன்று போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியவன் நான். பந்தல், நாற்காலி, ஐயர், சுடுகாட்டுச் சீட்டு எல்லாவற்றுக்கும் நான்தான். அழ நேரமில்லை. பிறகு நேரம் கிடைத்தது, அழுகை வரவில்லை. பல ஆண்டுகளாக விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் எல்லாவற்றையும் சோதித்து, இருதயம் நன்றாக இருக்கிறது, இனிப்பு நீரும் இல்லை, பிரஷரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை இரவு அந்தப் பயிற்சியை நடத்தும் அம்மையாரே கூப்பிட்டார். முன்பு மிஸ்ஸியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பேச்சில் அந்தக் கண்டிப்பு இருந்தது. "உங்க மகள் பாரத்துல எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டிருக்காங்க. நான் உங்க வாயால கேட்கணும் ஐயா" என்றார்.

இருதய நோய் உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, வலிப்பு வந்ததுண்டா, கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உண்டா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆஸ்த்மா உள்ளவர்கள் பம்ப்பைக் கையோடு கொண்டு வரவேண்டும், கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை என்றார். என் மனைவி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். சொன்னால் 80 வெள்ளி போய்விடுமே! சொல்லிவிட்டேன். நல்ல வேளை. "அம்மா வேகமா மூச்சு விடக்கூடாது. உங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கட்டும். கடைசியில நிதானமான மூச்சு மட்டும் சொல்லித் தரேன்" என்றார். மகள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எங்களை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்ற ஆசை. ஆனாலும் உங்கள் உடம்பைப் பற்றிய பாரத்தைப் பிள்ளைகள் நிரப்பினால், கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து சாப்பாடு. 3 மணி நேரத்துக்கு முன்பே லேசாகச் சாப்பிட்டுவிட வேண்டும். அன்று காப்பி கூடாது. தளர்ந்த உடை, ஒரு போர்வை, ஒரு தலையணை. முடிந்த பிறகு இரண்டு நாள் அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம கோயில்ல காவடிக்கு விரதம் இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்றாள். நான் சிரித்தேன்.

சிரித்தவனுக்கு ஞாயிறு காலை புத்தி வரவில்லை. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து மோட்டாரில் புறப்பட்டோம். ஈஜோக் பக்கம் சாலையோரக் கடையில் நாசி லெமாக் வாசம் இழுத்தது. பெரட்டுக்கு முன் வயிற்றை நிரப்பிப் பழகிய உடம்பு கேட்குமா? மனைவி முறைக்க முறைக்க ஒரு பொட்டலம் முடித்தேன். அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன்.

மண்டபத்தில் இருபது பேர் இருப்போம். தரையில் பாய். ஒருவர் படுத்து மூச்சு விட, ஒருவர் பக்கத்தில் காவல். இந்த ஏற்பாட்டை 1970களின் நடுவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவாக்கியவர்கள் ஸ்தானிஸ்லாவ் குரோப் என்ற மனோவைத்தியரும் அவர் மனைவி கிறிஸ்டினாவும் என்று அம்மையார் சொன்னார். குரோப் பிராக் நகரில் பிறந்தவர். முன்பு எல்.எஸ்.டி. என்ற மருந்தைக் கொடுத்து மனத்தை ஆராய்ந்தவர். அந்த மருந்துக்குத் தடை வந்த பிறகு, மருந்து இல்லாமல் மூச்சையும் இசையையும் வைத்தே அந்த நிலைக்குப் போக வழி தேடினாராம். அசல் முறையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும், எங்களுக்கு 40 நிமிடம்தான். நம் பிராணாயாமம் வேறு. அதில் இழுப்பதற்கும் நிறுத்துவதற்கும் விடுவதற்கும் கணக்கு உண்டு. இதில் இடைவெளியே இல்லாமல் ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து விட வேண்டும்.

தொடங்குமுன் அவர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேகமாக மூச்சு விட்டால் பிராணவாயு கூடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நல்ல உடம்பில் இரத்தத்தில் பிராணவாயு முன்பே ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கரியமிலவாயு. அது அளவுக்கு மேல் வெளியே போனால் இரத்தத்தில் காரத்தன்மை கூடும், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து நரம்புக்குப் பயன்படாமல் போவதால் உதடும் விரலும் சுரீர் என்று இழுக்கும், விரல்கள் மடங்கிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், மூச்சை நிதானமாக்கினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். நெஞ்சு வலித்தால் மட்டும் உடனே கையைத் தூக்க வேண்டும். முன்பெல்லாம் இப்படி இழுத்தால் காகிதப் பையை மூக்கில் வைப்பார்கள். அது இப்போது கூடாது, உண்மையிலேயே இருதயமோ ஆஸ்த்மாவோ காரணமாக இருந்தால் ஆபத்து என்றார். இதனால் நோய் தீரும் என்று தான் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதனால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

மேளச் சத்தம் ஒலிபெருக்கியில் எழுந்தது. ஐந்து நிமிடத்தில் நாசி லெமாக் தொண்டைக்கு வந்துவிட்டது. மனைவி பிளாஸ்டிக் பையைத் தயாராகப் பிடித்தாள். எப்படியோ அடங்கியது. பத்து நிமிடம் போயிருக்கும், விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. பிறகு இரண்டு கைகளும் மடங்கின. கண்ணைத் திறந்து பார்த்தேன். வலக் கை, உளியைப் பிடித்திருப்பது போலவே மடங்கி நின்றது! எங்கள் தோட்டத்தில் கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நான் உளியைத் தொட்டும் அத்தனை காலம். கண்ணை மூடினேன். நிரையில் வாளியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஒரு சிறுவன் வருகிறான். பள்ளி விடுமுறையில் கட்டிப்பால் பொறுக்க வருவானே, அந்த வயது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுதாக நினைவில்லை. நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அசைந்தது. மாடு கத்துவது போல் ஒரு சத்தம் கேட்டது. அது நான்தான் என்று புரியச் சற்று நேரமாயிற்று. மனைவியின் உள்ளங்கை என் நெற்றியில் இருந்தது. அவள் "அழாதீங்க" என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் சமாதானம் சொல்லக் கூடாது, கட்டிப் பிடிக்கக் கூடாது, இருக்கிறோம் என்று தெரிந்தால் போதும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்.

இசை நின்ற பிறகு அரை மணி நேரம் யாரும் எழவில்லை. குளிர் எடுத்தது, அப்போதுதான் போர்வையின் அருமை தெரிந்தது. ஒருபுறமாகச் சாய்ந்து மெல்ல எழவைத்து வெந்நீரும் ரொட்டியும் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் மனைவியும் மற்ற சிலரும் நிதானமான மூச்சைக் கற்றுக்கொண்டார்கள். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. அதை அவள் இன்றும் படுக்குமுன் செய்கிறாள். மாத்திரையையும் விடவில்லை, விடவும் கூடாது.

வாசலுக்கு வந்து மோட்டார் சாவியை எடுத்தேன். அம்மையார் கையை நீட்டினார். "இன்னிக்கு வண்டி ஓட்டக்கூடாது ஐயா." எனக்குக் கோபம் வந்தது. மருமகன் காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டார். மோட்டார் மண்டபத்து வாசலிலேயே நின்றது.

நான் எதிர்பார்த்தது போல் மனம் லேசாகிவிடவில்லை. அன்று மாலை உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் வலித்தது. மறுநாள் காரணமில்லாமல் எரிச்சல். கஞ்சி சூடாக இருக்கிறது என்று கத்தினேன். தோட்டத்தை விற்று மகனோடு பட்டணத்துக்குப் போன கூட்டாளி ஒருவன் பழைய கடனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டான். இரண்டு நாள் பெரிய முடிவு எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டேன். மனைவி ரசமும் சோறும் மட்டும் வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. எனக்கோ அவள் கேட்க மாட்டாளா என்றிருந்தது. தாமாகப் பேசும்வரை கேட்கக் கூடாது என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி மோட்டாரை எடுக்கப் போனோம். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம் மெல்ல ஆரம்பித்தேன். "நான் அன்னிக்கு யாரைப் பார்த்தேன் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். "நீங்க அவன் பேரைச் சொல்லித்தானே அழுதீங்க."

நான் பெயர் சொன்னதே எனக்குத் தெரியாது. அவன் போனதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மேரு வரும்வரை அவனைப் பற்றியே பேசினோம். கட்டிப்பால் வாளியைக் கவிழ்த்துவிட்டு ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிய கைக்கடிகாரம், எல்லாம். முன் இருக்கைப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

3 மணிக்கு விழிப்பு இன்னும் வருகிறது, தினமும் இல்லை. இன்னொரு முறை போவீர்களா என்று மகள் கேட்டாள். யோசிக்கிறேன் என்றிருக்கிறேன். போனால் நாசி லெமாக் கிடையாது என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்.