கோட் நம்பர் 92

2017-18ல் இந்தியாவில் வேலையின்மை 6.1 சதவிகிதம் என்று அரசுப் புள்ளிவிவரம் சொன்னபோது டி.வி.யில் ஒரே கூச்சல். அதே சர்வேயில் இன்னொரு கணக்கும் உண்டு. கடந்த 7 நாட்களில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தால்கூட 'வேலையில் இருப்பவர்'. இந்த மாதிரி சமாசாரங்களையே பாடமாகப் படிக்க முடியும் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது.

எங்கள் ஃப்ளாட்டில் இரண்டாவது மாடிப் பெண் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து எம்.ஏ. அப்ளைடு எகனாமிக்ஸில் சேர்ந்தாள். அவள் அப்பாவுக்கு எம்.ஏ. என்ற இரண்டு எழுத்தில் நம்பிக்கையே இல்லை. "எம்.சி.ஏ.ன்னாலாவது வெளில சொல்லிக்கலாம் சார். இதுக்கு யார் வேலை குடுப்பா?"

கொடுக்கிறார்கள். வங்கிகள், ரேட்டிங் கம்பெனிகள், கன்சல்டன்ஸிகள். யு.பி.எஸ்.சி.யின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரத்தில் முதுகலை இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. பெயர்தான் எம்.ஏ.; உள்ளே எகனாமெட்ரிக்ஸ், ஆர், பைத்தான். (பைத்தானை மூன்று மாதத்தில் கற்றுத் தருவதாக எல்லா பஸ் ஸ்டாப்பிலும் போர்டு இருக்கிறது. கற்றுக்கொள்ளலாம். எண்களைச் சந்தேகப்படத்தான் இரண்டு வருஷம் ஆகிறது.)

லீவில் வந்தவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அந்த சர்வேயின் மூல விவரங்கள், இலவசமாக இறக்கிக்கொண்டது. ஒரு வரிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கோட் நம்பர். படிப்பவர் 91. பென்ஷன்காரர் 94.

"நம்ம வீட்டுக்கு சர்வேக்கு வந்தா என்னப்பா சொல்லுவே?"

"நான் ரிடையர்டு, நீ படிக்கறே. அம்மா வீட்ல சும்மாதான் இருக்கா."

"அப்ப அம்மா 92. வீட்டு வேலை மட்டும்."

அந்த அம்மாள் எங்கள் ஃப்ளாட்டுக்கே ஜாக்கெட் தைப்பவர். முதல் செமஸ்டர் ஃபீஸில் பாதி அந்தத் தையல் மெஷினிலிருந்து வந்தது. காசுக்குத் தைத்தால் 11, சுயதொழில். சொந்த வீட்டுக்கு மட்டும் தைத்தால் 93. 92, 93 இரண்டும் உழைப்பாளர் கணக்கில் வராது. வேலையில்லாதவர் கணக்கிலும் வராது. சர்வேக்காரர் வரும்போது வீட்டில் யார் இருக்கிறாரோ, அவரேதான் பல சமயம் எல்லாருக்கும் பதில் சொல்கிறார். மாதிரிக்கு எடுத்த ஒரு வீடு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பிரதிநிதி என்பதால், ஒருவர் வாய்தவறிச் சொன்ன 'சும்மா', ஆயிரக்கணக்கான பெண்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிடும்.

"அப்ப அவரை ஏன் கேக்கறாங்க? என்னைக் கேக்கச் சொல்லு" என்றார் அம்மாள்.

அதையே பெண் ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டாள்: பதில் சொன்னது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து 92 கூடுகிறதா? போன மாதம் ஒரு வங்கியின் இன்டர்வியூவில் அரை மணி நேரம் இதைப் பற்றியே கேட்டார்களாம். கடன் கேட்டு வரும் பெண்களின் விண்ணப்பத்திலும் 'தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்றுதான் நிரப்பியிருக்கிறதாம்.

முடிவு இன்னும் வரவில்லை. கல்விக்கடனின் முதல் தவணை ஜூனில்.