தக்காளிக் கடிகாரம்

இத்தாலி நாட்டில் 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இளைஞர் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்தார். அவர் சோம்பர் அல்லர். நாள்தோறும் வகுப்பிற்குச் சென்றார். நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். ஆயினும், வீடு திரும்புங்கால் கற்றது இன்னது என்று சுட்டிக் கூற அவரால் இயலவில்லை. காலம் வீணாகக் கழிந்தது என்னும் சோர்வே எஞ்சியது. தேர்வு நாளோ விரைந்து நெருங்கியது.

அவர் தம்மையும் தம்முடன் பயில்வோரையும் உற்று நோக்கினார். அடிக்கடி நேரும் இடையீடுகளும் ஒருமுகப்படாத உள்ளமுமே குழப்பத்திற்குக் காரணம் என்று தெளிந்தார். உடனே தம்மோடு தாமே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார்: பத்து நிமிடம் உண்மையாகவே படிக்க இயலுமா? அதற்குச் சான்று வேண்டும். சமையலறையில் உணவு வேகும் நேரத்தை அறிய வைக்கும் சிறு மணிப்பொறி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அது தக்காளிப் பழத்தின் வடிவில் அமைந்திருந்தது. தக்காளியை இத்தாலிய மொழியில் ‘பொமொடோரோ’ என்பர். அச்சொல்லே பின்னாளில் உலகெங்கும் வழங்கும் ஒரு வேலைமுறையின் பெயராயிற்று.

முதல் முயற்சியிலேயே அவர் பந்தயத்தில் வென்றுவிடவில்லை. பத்து நிமிடம் என்பது சொல்லுதற்கு எளிது. மனத்தை நிறுத்திப் பார்த்தோர்க்கே அதன் நீளம் புலப்படும். பல நாட் பழக்கத்தாலும் பல முறை மாற்றிப் பார்த்ததாலும் அவர் தம் முறையைச் செப்பஞ்செய்து, 1992ஆம் ஆண்டில் அதற்கு முடிந்த வடிவம் தந்தார். செய்ய வேண்டிய வேலையை ஒரு தாளில் எழுதுக. கடிகாரத்தை 25 நிமிடத்திற்கு முறுக்கி வைக்க. மணி ஒலிக்கும்வரை அவ்வேலை ஒன்றையே செய்க. ஒலித்தவுடன் எழுந்து ஐந்து நிமிடம் ஓய்வு கொள்க. நான்கு முறை இவ்வாறு செய்தபின் சற்று நீண்ட ஓய்வு கொள்க என்பதே அம்முறை. இதனினும் எளிய முறை ஒன்றைக் காண்பது அரிது. ஆனால், அதன் நுட்பம் இடையீட்டை நடத்தும் வகையில் இருக்கின்றது.

வேலையின் நடுவே யாருக்கோ கடிதம் எழுத வேண்டும் என்னும் நினைவு எழுகின்றது என்று கொள்வோம். அந்நினைவை அடக்க முயன்றால் அது மேலும் மேலும் தலைதூக்கும். அதன் வழியே சென்றால் வேலை கெடும். சிரில்லோ இவ்விரண்டையும் விலக்கினார். தாளில் ஒரு சிறு குறியிட்டு, அந்நினைவையும் ஓரமாக எழுதி வைத்துவிட்டு, வேலைக்கு மீளுமாறு கூறினார். எழுதி வைக்கப்பட்ட நினைவு தன்னை மறந்துவிடுவார்களோ என்று அஞ்சுவதில்லை போலும், அமைதி அடைந்துவிடுகின்றது. மாலையில் அக்குறிகளை எண்ணிப் பார்ப்பவர், தம் உள்ளம் எத்தனை முறை ஓடியது என்பதைக் கணக்காகவே காண்கின்றார். கடிகாரத்தை முறுக்கும் செயலையும் அதன் டிக் டிக் ஒலியையும் அவர் பெரிதும் மதித்தார். கை முறுக்கும்போதே ‘இனித் தொடங்குகின்றேன்’ என்னும் உறுதி உள்ளத்தில் பிறக்கின்றதன்றோ?

அக்கடிகாரம் செய்ததெல்லாம் காலத்திற்கு ஓர் எல்லை வகுத்ததே. கரை தெரியும் ஆற்றில் இறங்க யாரும் அஞ்சுவதில்லை. ‘இன்று முழுதும் படிக்க வேண்டும்’ என்னும் எண்ணம் மலைப்பைத் தரும். ‘மணி ஒலிக்கும்வரை படித்தால் போதும்’ என்னும் எண்ணம் துணிவைத் தரும்.

இனி, இன்றைய அலுவலகத்தை நோக்குவோம். தச்சனுடைய உளி அவனுக்கு ஊர்ச்செய்தி சொல்வதில்லை. தையற்காரருடைய ஊசி இடையே பண்டம் விற்க முற்படுவதில்லை. கணினியோ வேலைக்குரிய கருவியாக இருக்கும்போதே அஞ்சற்பெட்டியும் செய்தித்தாளும் கடைத்தெருவும் நாடக மேடையும் ஆகிவிடுகின்றது. கணக்கு எழுத அமர்ந்தவரின் கண்முன், ஒரே திரையில், இவையெல்லாம் கதவு திறந்து நிற்கின்றன. கைப்பேசியோ அக்கதவுகளைத் தானே தட்டித் திறக்கின்றது.

பொருளியல் துறையில் 1978ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், 1971இலேயே இதனை முன்னறிந்து கூறினார். செய்தி பெருகுந்தோறும் அச்செய்தி உண்டு தீர்க்கும் பொருளாகிய கவனம் அருகிப்போகும் என்பது அவர் கருத்து. நெல் மிகுந்த நாட்டில் உண்பவர் வயிறு பெருகிவிடுவதில்லை என்பதை ஒத்தது அது. அவர் அதனைக் கூறிய காலத்தில் கைப்பேசி விற்பனைக்கும் வரவில்லை. 2006இல் ஏசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கத்தின் அடியை அடையுந்தோறும் மேலும் மேலும் செய்தி தானே வந்து சேரும் முறையை அமைத்தார். அடுத்த பக்கத்தைத் தேடும் தொல்லையை நீக்குவதே அவர் நோக்கம். ஆனால், பக்கம் முடியும் இடம்தான் படிப்பவர் ‘போதும்’ என்று எழுவதற்குரிய இடமாகவும் இருந்தது. அதுவும் உடன் நீங்கிவிட்டது. தாம் செய்ததற்கு அவரே பின்னாளில் வருந்தினார். தக்காளிக் கடிகாரம் எல்லையை வகுத்தது. இம்முறை எல்லையை அழித்தது.

முள்ளை முள்ளால் எடுப்பதுபோல, கணினியால் வந்த இடரைக் கணினியாலேயே நீக்க முயன்றோர் பலர். அமெரிக்க நாட்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரெட் ஸ்டுட்ஸ்மன், 2008இல் ‘ஃப்ரீடம்’ என்னும் செயலியை உருவாக்கினார். குறித்த நேரம்வரை அது கணினியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிடும். தொடக்கத்தில், இடையில் தொடர்பு வேண்டுமாயின் கணினியையே அணைத்து மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. ‘செல்ஃப் கண்ட்ரோல்’ என்னும் மற்றொன்று இன்னும் கடியது. கணினியை அணைத்து இயக்கினும் குறித்த நேரம் முடியும்வரை தடை நீங்காது. ஆங்கில நாவலாசிரியர் ஜேடி ஸ்மித், 2012இல் வெளியான தம் நாவலில் இவ்விரு செயலிகளுக்கும் பெயர் சுட்டி நன்றி கூறியுள்ளார். எழுத்தாளர் துணைவருக்கும் நண்பருக்கும் நன்றி கூறும் இடத்தில் இணையத்தைப் பூட்டிய பூட்டும் இடம்பெற்றது புதுமையே!

தைவானிலிருந்து 2014இல் வெளிவந்த ‘ஃபாரஸ்ட்’ என்னும் செயலி கடுமையை விடுத்து, இரக்கத்தைத் துணைக்கொண்டது. வேலை தொடங்கும்போது கைப்பேசித் திரையில் ஒரு விதை நடப்படும். வேலை முடியும்வரை வேறு செயலிக்குச் செல்லாதிருப்பின் அது மரமாக வளரும். பொறுமையிழந்து சென்றால் பட்டுப்போகும். பட்டுப்போவது படமே என்பதை அறிந்தும் மனம் சற்றே வாடுகின்றது. மாந்தர் உள்ளத்தின் விந்தை அது. 2018இல், கைப்பேசியையும் அதன் இயங்குதளத்தையும் ஆக்கும் பெருநிறுவனங்களாகிய ஆப்பிளும் கூகுளும், திரையின் முன் கழிந்த நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டும் வசதியைத் தாமே அளித்தன. விருந்திட்டவரே உண்ட கவளங்களை எண்ணிக் காட்டுவது போன்றது இது. எனினும், பயனற்றது என்று தள்ளுதல் தகாது. அளவு தெரியாத செலவைக் குறைப்பது எவர்க்கும் அரிது.

கருவிகளுள்ளும் ஓர் இடர் உண்டு. பணிப்பட்டியலை வண்ணம் வண்ணமாகத் தீட்டுவதிலும், புதிய புதிய செயலிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் காலை நேரத்தைக் கழிப்போர் உளர். கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தால் காய் நறுங்குமா? சிரில்லோ தாளும் பென்சிலும் எளிய கடிகாரமுமே போதும் என்று வற்புறுத்தியதன் காரணம் இங்கே விளங்குகின்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இடையீடு முழுவதும் தொழிலாளியின் மனத்திலிருந்தே எழுவதன்று. இரவு பத்து மணிக்கு மேலாளர் செய்தி அனுப்பி உடனே மறுமொழியை எதிர்பார்ப்பாராயின், ஊழியர் தம் கைப்பேசியில் எத்தனை மரம் நட்டு என்ன பயன்? தன்னடக்கத்தை ஊழியருக்கு மட்டும் போதிப்பது நேர்மையாகாது. பிரான்சு நாடு இதனை உணர்ந்தது. 2017 சனவரி முதல் நாளன்று அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், 50 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்திற்கு அப்பால் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேச வேண்டும் என விதித்தது.

கருவியை ஆக்குதலிலும் விலக்குதலிலும் ஒருங்கே துணிவு காட்டியவர் ஒருவரைக் காண வேண்டுமாயின், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஓய்வுநிலைப் பேராசிரியர் டொனால்டு நூத் அவர்களைக் காணலாம். கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. பின்னர், இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்பிற்குரிய அச்சுப்படிகளைக் கண்டபோது, எழுத்துகளின் அழகின்மை அவர் உள்ளத்தை வருத்தியது. கணினியைக் கொண்டு நூலை அழகுற அச்சுக்கோக்கும் ‘டெக்’ என்னும் மென்பொருளை அவரே ஆக்கப் புகுந்தார். விரைவில் முடியும் என்று 1977இல் தொடங்கிய அவ்வேலை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை விழுங்கியது. உலகெங்கும் கணித அறிஞர்கள் தம் கட்டுரைகளை அதனைக் கொண்டே அமைக்கலாயினர்.

அத்தகைய கணினிப் பேரறிஞர், 1990 சனவரி முதல் நாள் தொட்டு மின்னஞ்சலை விட்டுவிட்டார். அதற்கு முன் 15 ஆண்டுகள் அதனைப் பயன்படுத்தியவர் அவர். புதுமைகளை எல்லாம் உடனுக்குடன் அறிவோர் அறியட்டும். ஒன்றின் அடிவரை சென்று கற்றுப் பிறர்க்கு விளக்குவதே தம் பணி என்றும், அதற்கு இடையறாத நெடும்பொழுது வேண்டும் என்றும் அவர் கருதினார். எல்லார்க்கும் இவ்வுரிமை வாய்ப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும், அவர் உலகத்தோடு உறவை அறுத்துக்கொண்டாரல்லர். அவருக்கு வரும் கடிதங்களைச் செயலாளர் பிரித்து வகைப்படுத்தினார். அவற்றை ஒருசேரக் குவித்து வைத்து, வாய்ப்பான ஒரு பொழுதில் அவர் விடை எழுதினார். நூலில் பிழை கண்டு தெரிவிப்போர்க்கு 2 டாலர் 56 செண்டு பரிசு அளிக்கும் வழக்கத்தையும் கைவிடவில்லை. அப்பெருநூலின் வரிசையில் ‘4ஆ’ என்னும் தொகுதி 2022இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 84.