தலை குனியாத நீர்

தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு நாள் பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் போய்வருவது என் வழக்கம். ஓடைச் சத்தம் காதில் விழுந்ததும் அப்பாவின் மடக்குக்கோல் நினைவுக்கு வந்துவிடும். மஞ்சள் மரக்கோல். விரிக்கும்போது டக்டக்கென்று ஓசை எழுப்பும்.

அப்பாவுக்கு நீர் அளக்கும் வேலை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மலையோடைக்குக் கூட்டிப் போனார். ஓடைக்குக் குறுக்கே தாழ்வான சுவர். அதில் செங்கோணமாக, 'வி' போல வெட்டிய இரும்புத் தகடு. வெட்டு வழியே தண்ணீர் வளைந்து விழுந்தது. நான் ஓடிப்போய் வெட்டிலேயே கோலை வைத்தேன்.

"அங்க வைக்காதடா. விழப்போற தண்ணி முன்னாடியே தலை குனிஞ்சிரும். தள்ளி நின்னு அளக்கணும்."

வெட்டின் அடிமுனைக்கு மேலே நீர் நிற்கும் உயரத்தைப்போல் நாலு மடங்காவது பின்னால் தள்ளி, மட்டம் கலங்காத இடத்தில் கோலை ஊன்றினார். வெட்டின் அடிமுனையிலிருந்து 10 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 20 என்றால் ஒன்பது லிட்டர்தானே என்றேன். ஏறக்குறைய 25 என்றார். உயரம் ஏறும்போது வெட்டின் அகலமும் கூடுகிறது, நீரின் வேகமும் கூடுகிறது. அன்றிரவெல்லாம் அந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பாவைப் பெற்ற அப்பாயிக்கு அது வியப்பாகவே இல்லை. புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர். கண்மாய் நிறைந்து, உபரிநீர் வழியும் கலுங்கு பாய்கிற நாளில் ஊரே கரையில் நிற்குமாம். கலுங்கின் மேல் நட்ட கற்களுக்கு இடையே மண்ணை அடைத்து, மழைக்காலக் கடைசியில் இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்கிக்கொள்வார்களாம். மடை திறக்கும் நீர்பாய்ச்சி முங்கிப்போய்க் குமிழிமடையின் கல்லைத் தூக்குவார். எவ்வளவு திறக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அந்தக் கை தவறினால் கடைமடைக்காரன் வயல் காயும். தண்ணீரை அளப்பது நியாயத்தை அளப்பது என்று எனக்குப் பட்டது அப்பாயி சொல்லக் கேட்டுத்தான்.

அப்பாயி பினாங்குக்கு வந்து குடித்த தண்ணீரோ வேறு. இன்று பினாங்கு குடிப்பதில் பெரும்பகுதி சுங்கை மூடாவின் நீர். முகத்துவாரத்துக்கு அருகே ஒரு தடுப்பணை, உப்புநீர் மேலேறாமல் காக்கிறது. லாஹார் தியாங்கில் எடுத்த நீர் திறந்த கால்வாயில் சுங்கை டுவாவுக்கு ஓடி, அங்கே சுத்தமாகி, கடலடிக் குழாய்களில் தீவுக்கு வருகிறது. நாம் திறக்கும் குழாய்க்குப் பின்னால் இத்தனை மதகுகள், இத்தனை மட்டங்கள்.

2017 நவம்பர் 4. காற்றோடு கொட்டிய மழையில் இரவு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எண்பது தாண்டிய அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து, மடக்குக்கோலைக் கீழ்ப்படியில் ஊன்றி, அரைமணிக்கு ஒருமுறை அளவு சொன்னார், நான் எழுதினேன். "இன்னிக்குப் பௌர்ணமி. கடல் ஏத்தமா இருந்தா லொங்காங் தண்ணி எங்க போகும்?" என்றார். கடல் மட்டம் உயர்ந்து நிற்கும்போது லொங்காங் என்ற வடிகாலின் வாய்க்கதவு திறந்தும் பயனில்லை. விடியும்வரை எழுதிய அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அப்பா அதிக நாள் இருக்கவில்லை. கடைசி மாதங்களில் கட்டிலோடு முடங்கி, முதுகு வளைந்து, பேச்சு சுருங்கிப் போனது. பார்க்க வந்தவர்கள் அந்த உருவத்தையே மனத்தில் கொண்டுபோனார்கள்.

இந்த ஆண்டும் ஓடையருகே நின்றேன். மடக்குக்கோலை விரித்தேன், அதே டக்டக். அப்பாவை அளக்க வேண்டிய இடம் அந்தக் கட்டிலில் இல்லை. இன்னும் தள்ளி, வெகு தள்ளி. முழங்கால் நீரில் நிமிர்ந்து நின்று, மட்டம் தெளியட்டும் என்று அவர் காத்திருந்த இடத்தில்.