1999 மார்ச் 2, காலை 9:44:33

ஜனவரி 8, 2024 – திங்கள்

புதிதாகச் சேர்ந்த பெண் எக்ஸிம் மெயில் சர்வரின் டெஸ்ட் சூட்டை முதன்முறையாகத் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மதியம் வந்து கேட்டாள்: “அண்ணா, எல்லா லாகும் ஏன் ஒரே நேரத்தைக் காட்டுது? 1999 மார்ச் 2, 9:44:33. அன்னைக்கு அப்படி என்ன நடந்துச்சு?”

நல்ல கேள்வி. அந்தத் தேதிக்காக அல்ல, அது அங்கே இருக்கும் காரணத்துக்காக.

எக்ஸிமை 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எழுதத் தொடங்கியவர் பிலிப் ஹேசல். அதன் சோதனை முறை எளிமையானது. ஒரு சிறு ஸ்கிரிப்ட் குறிப்பிட்ட கான்ஃபிக்கோடு சர்வரைக் கிளப்பும், அஞ்சல் அனுப்பும். பிறகு லாக், திரையில் வந்த எழுத்து, பெட்டியில் விழுந்த அஞ்சல் எல்லாமே ஏற்கெனவே சேமித்து வைத்த பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடப்படும். ஓர் எழுத்து மாறினாலும் சோதனை நின்றுவிடும். ஆனால் நேரம், அஞ்சல் எண், இயந்திரத்தின் பெயர் எல்லாம் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடியவை. அதனால் ஒப்பிடுவதற்கு முன் ரன்டெஸ்ட் என்னும் பெர்ல் நிரல் அவற்றை அழித்து, நிலையான மதிப்புகளை வைக்கிறது. அவள் பார்த்த நேரம் அப்படி வைக்கப்பட்டதுதான்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்: எதை அழிக்கிறோமோ அதில் வரும் பிழை இனி நம் கண்ணில் படாது. அழிக்கும் விதி ஒவ்வொன்றும் “இது மாறினால் பரவாயில்லை” என்று யாரோ ஒருவர் எடுத்த முடிவு.

ஜனவரி 9 – செவ்வாய்

எக்ஸிமின் டெஸ்ட் கோப்புறையில் உள்ள ரீட்மீ மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஸ்கிரிப்டில் எந்தக் கட்டளை என்ன செய்யும், உள்ளீடு எங்கே முடியும் (நான்கு நட்சத்திரக் குறிகளில்), ஏன் ரூட்டாக அல்லாமல் சாதாரணப் பயனராக ஓட்ட வேண்டும், எல்லாம் அதில் பொறுமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நிஜ டிஎன்எஸ்ஸை நம்பாமல் பொய்ப் பதில் தருவதற்கென்றே கூடவே ஒரு தனி நிரல் இருக்கிறது. test.again.dns என்று கேட்டால் “பிறகு வா” என்று சொல்லும், test.fail.dns என்று கேட்டால் கையை விரிக்கும். நிஜ உலகில் டிஎன்எஸ் எப்போது காலை வாரும் என்று காத்திருக்க முடியாது. வாரிவிடச் சொல்லிக் கேட்க முடிய வேண்டும்.

குறை எங்கள் பக்கத்தில்தான். எங்கள் பேட்ச்களுக்காகப் பல ஆண்டுகளில் சேர்ந்த சோதனைகளில் “என்ன” இருக்கிறது, “ஏன்” இல்லை. இன்றிலிருந்து ஒரு வழக்கம்: அழிக்கும் விதி ஒவ்வொன்றின் மேலும் இரண்டு வரி. ஒன்று, ஏன் அழிக்கிறோம். இன்னொன்று, அழிப்பதால் எது தெரியாமல் போகிறது.

முதலில் எடுத்தது டிஎல்எஸ். ஓப்பன்எஸ்எஸ்எல்லும் க்னூடிஎல்எஸ்ஸும் இயந்திரத்துக்கு இயந்திரம் வெவ்வேறு பதிப்பு. பேசி முடிவாகும் டிஎல்எஸ் பதிப்பும் சைஃபரின் பெயரும் அதனால் மாறும். ஆகவே ரன்டெஸ்ட் பதிப்பெண்ணை ‘TLS1.x’ என்று பொதுவாக்கிவிடுகிறது. பல இயந்திரங்களில் ஓட வேண்டிய தொகுப்புக்கு வேறு வழியில்லை. ஆனால் இதன் விலையையும் எழுத வேண்டும்: 1.3 பேச வேண்டிய இணைப்பு 1.2-க்கு இறங்கினாலும் இந்தச் சோதனைகள் வாய் திறக்காது. எங்களுக்கு அது முக்கியம். பொது விதியைத் தொடாமல், பதிப்பை மட்டும் பார்க்கும் ஒரு தனிச் சோதனை வேண்டும் என்று குறித்தேன்.

ஜனவரி 10 – புதன்

நேரம் சார்ந்த சோதனைகள். சுருக்கமாக: அஞ்சலின் கடைசிப் புள்ளியை அனுப்பியவர், பதிலுக்கு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்கிறது 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321. அவசரப்பட்டு இணைப்பை வெட்டினால், வாங்கியவர் அஞ்சலை ஏற்றுக்கொண்டிருப்பார், அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். ஒரே கடிதம் இரண்டு முறை போய்ச் சேரும். சோதனையில் 10 நிமிடம் காத்திருக்க முடியாது, கான்ஃபிக்கில் சில விநாடிகளாகக் குறைக்கிறோம். அந்தச் சிறிய எண்ணைப் பார்த்து யாரும் நிஜ சர்வரில் போட்டுவிடக் கூடாது. அதையும் ஸ்கிரிப்டின் தலையில் எழுதியாயிற்று.

ஜனவரி 11 – வியாழன்

கனமான நாள். 4.96-இலிருந்து 4.97.1-க்கு மாறுகிறோம். 4.97-இல் எக்ஸிமின் அஞ்சல் எண் 16 எழுத்திலிருந்து 23 எழுத்தாக நீண்டுவிட்டது. இன்றைய இயங்குதளங்களில் ப்ராசஸ் எண் பெரிதாக வளர்கிறது, நேரமும் இன்னும் நுணுக்கமாகப் பதிவாக வேண்டும். பழைய நீளத்தில் இரண்டும் அடங்கவில்லை. விளைவு, எங்கள் சேமித்த பிரதிகளில் அஞ்சல் எண் உள்ள ஒவ்வொரு வரியும் வேறுபடுகிறது.

வேறுபாடு வந்தால் ரன்டெஸ்ட் கேட்கும்: தொடரவா, மறுபடி ஓட்டவா, பிரதியைப் புதுப்பிக்கவா? ‘புதுப்பி’ என்று தட்டிக்கொண்டே போனால் மாலைக்குள் எல்லாம் பச்சையாகிவிடும். இந்த வேலையில் நான் அஞ்சுவது அந்த ஒரு விசையைத்தான். நூற்றுக்கணக்கான தீங்கற்ற மாற்றங்களுக்கு நடுவே ஓர் அஞ்சல் தொலைந்த வரியும் இருந்தால், அதுவும் அன்றே “சரியான விடை” ஆகிவிடும். பிறகு யாராவது அந்தப் பிழையைத் திருத்தினால் சோதனை அவரையே குற்றம் சொல்லும்.

நாங்கள் செய்தது வேறு. பழைய பிரதிகளில் அஞ்சல் எண்களை மட்டும் புதிய வடிவத்துக்கு மாற்ற ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதினோம். அந்த மாற்றத்தைத் தனி கமிட்டாக வைத்தோம். அதற்குப் பிறகே சூட்டை ஓட்டினோம். மிச்சமிருந்த வேறுபாடுகள் கொஞ்சமே. ஒவ்வொன்றையும் இருவரும் உட்கார்ந்து படித்தோம், காரணம் புரியாமல் ஒன்றையும் புதுப்பிக்கவில்லை.

ஜனவரி 12 – வெள்ளி

4.97.1 வந்ததே எஸ்எம்டிபி ஸ்மக்லிங் என்று போன மாதம் வெளியான தாக்குதலால்தான் (எண்: CVE-2023-51766). அஞ்சல் முடிந்தது என்பதைத் தனி வரியில் நிற்கும் ஒரு புள்ளி சொல்லும். வரி முடிவு சிஆர், எல்எஃப் என்ற இரண்டு பைட். வெறும் எல்எஃப்போடு வரும் புள்ளியை அனுப்பும் சர்வர் சாதாரண உள்ளடக்கமாக நினைத்துக் கடத்த, வாங்கும் சர்வர் அதை முடிவாக எடுத்துக்கொண்டால், அதன் பின்னால் உள்ளவை புதிய கட்டளைகளாகிவிடும். நம்பிக்கையான சர்வரின் முகவரியிலிருந்தே ஒரு போலி அஞ்சல் உள்ளே வந்துவிடும்.

திருத்தம் நுட்பமானது. முதல் தலைப்பு வரியே வெறும் எல்எஃப்பில் முடிந்தால் அந்த அஞ்சல் முழுவதும் அப்படித்தான் என்று எக்ஸிம் ஏற்கும். தலைப்பு முறையாக இருந்து, பிறகு புள்ளி மட்டும் எல்எஃப்போடு வந்தால் அதை முடிவாக எடுக்காது. அந்தப் பெண் எழுதிய முதல் சோதனை இரண்டாவதை மட்டும் பார்த்தது. முதலாவதற்கும் ஒன்று எழுதச் சொன்னேன். நாளைக்கு ஒருவர் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தினால், இந்தப் பழைய வழக்கத்தில் அனுப்பும் கருவிகளின் அஞ்சல் வெளியே நின்றுவிடும். அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

“அப்ப ரெண்டுக்கும் தனித்தனியா ஏன்னு எழுதணும், இல்லையாண்ணா?” என்று அவளே கேட்டாள். எழுதினாள். இரண்டாவது ஸ்கிரிப்டின் தலையில் அவள் எழுதியது: “இது பாதுகாப்புச் சோதனை அல்ல. பழைய அனுப்புநர்கள் தடைபடக் கூடாது என்பதற்காக. இது தோற்றால் உடனே புதுப்பிக்காதீர்கள், பக்கத்துச் சோதனையையும் படியுங்கள்.”

அதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. டிஎல்எஸ் பதிப்புச் சோதனை திங்கட்கிழமைக்கு. அதையும் அவளே எழுதட்டும்.