முடிச்சூர் சாலையில் ஒரு நாற்காலி

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கிறது அந்த மரப்பட்டறை. தகரக் கூரை, நுழைந்ததுமே தேக்குத்தூள் வாசனை. தாத்தாவின் கை வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டில் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. காய்ந்த பிறகு, பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடம் விட்டுப்போனது. அவசரத்துக்கு நானே ஓர் ஆணி அடித்தேன். இப்போது அந்த ஆணியை ஒட்டியே மரம் பிளந்துவிட்டது.

ஆசாரி காலை ஆட்டிப் பார்த்தார். “பசை தண்ணில ஊறிப் போச்சு தம்பி. ஆணி வேற அடிச்சிருக்கீங்க.”

ஆணியைப் பிடுங்கிவிட்டு, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டிச் சட்டத்தைக் கழற்றினார். பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் உளியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். நாக்குபோல் செதுக்கிய சட்ட முனையிலும் அது செருகும் துளையிலும் பழைய வெள்ளைப் பசை ஏடாகப் படிந்திருந்தது. அதன்மேல் எபாக்சி என்ற புதுப் பசையைத் தடவினால் அது பழைய பசையைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. வேலையில் பெரும்பங்கு இந்தச் சுரண்டல்தான்.

ஃபெவிகால் போதாதா என்று கேட்டேன். வெள்ளைப் பசை நீர் வற்றி இறுகுவது, வற்றும்போது சுருங்கும். இறுக்கமான பொருத்துக்கு அது போதும், தேய்ந்து இடைவெளி விழுந்த இடத்தில் நிற்காது. எபாக்சியில் பிசினும் ஹார்டனரும் வேதிவினையால் இறுகுவதால் இடைவெளியை நிரப்பி நிற்கும். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946-இல் சந்தைக்குக் கொண்டுவந்த அரால்டைட் இன்றும் நம் ஹார்டுவேர் கடைகளில் இரட்டை டியூப்பாகக் கிடைக்கிறது.

உடைந்த டைல்ஸ் துண்டின்மேல் இரண்டு டியூப்பிலிருந்தும் சம அளவு பிதுக்கி, நிறம் ஒன்றாகும்வரை குழைத்தார். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பசை வலுவிழந்துவிடும். பிளவுக்குள் மெல்லிய தகட்டால் செலுத்தினார். ஆணித் துளைக்கு மட்டும் சலித்த தேக்குத்தூள் கலந்து அடைத்தார். கிளாம்பு மாட்டி, பசை லேசாகக் கசிந்ததும் திருகுவதை நிறுத்திக்கொண்டார்; அதற்குமேல் இறுக்கினால் உள்ளே பசையே மிஞ்சாது.

“நாளைக்கு சாயந்தரம் வாங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

மறுநாள் உட்கார்ந்து பார்த்தேன். அசைவே இல்லை. உங்கள் வீட்டு நாற்காலியோ கதவுச் சட்டமோ விட்டுப்போனால் தயவுசெய்து சுத்தியலை எடுக்காதீர்கள். மழைக்காலமென்றால் மரம் நன்றாகக் காயும்வரை பொறுங்கள். ஈர மரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது.