நாலு மூலைக்கும் பூ

போர்வையின் ஓரத்தை மடித்துத் தைத்து, நூலை முடிந்து, பல்லால் கடித்து அறுத்துவிட்டால் வேலை முடிந்தது. தையல் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தார்வாடில் நாங்கள் குடியிருந்த வீட்டுத் திண்ணையில் என் முதல் ஒட்டுத்துணிப் போர்வையை விரித்துப் போட்டு, கடைசி ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது நானும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா படியேறி வந்தார். ஹளியாள் பக்கத்து ஸித்தி இனத்தவர். என்னைவிட மூத்தவர்தான்; ஆனாலும் அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அக்கா என்பேன். அந்த ஊர் மரியாதை அப்படி. போர்வையின் ஒரு மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அடுத்த மூலை. அதற்கடுத்தது. பிறகு கேட்டார்: “பூ எங்கே?”

போர்வையில் பூவுக்குப் பஞ்சமே இல்லை. அடியில் பாட்டியின் கண்டாங்கி. அதன்மேல் அம்மாவின் பூப்போட்ட வாயில் புடவைகள், சுங்குடி, என் மகளின் சின்ன வயசுப் பாவாடை, தையற்கடையில் வாங்கிய கட்பீஸ். அவர் கேட்டது அந்தப் பூவை அல்ல. மடியிலிருந்த துண்டுத்துணி ஒன்றை எடுத்தார். சதுரமாகக் கிழித்தார். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். இன்னொரு மடிப்பில் சின்ன முக்கோணம். அதன்மேல் வேறு நிறத்தில் இன்னொன்று, சற்று உள்ளே தள்ளி. கூர்முனை போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மூலையில் வைத்து அழுத்திக் காட்டினார். “இது இருந்தால்தான் முடிஞ்சது.”

ஏன் என்று கேட்டேன். “ஏன்னா என்ன? எங்க அம்மா வைப்பாங்க.” அதற்குமேல் அவருக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை, பால்காரர் வந்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போனது. போர்வைக்குக் கதகதப்பு தராத, கிழிசலை மூடாத, துணியை மட்டும் தின்னும் ஒரு முக்கோணம் எங்கிருந்து வந்திருக்கும்?

தேடியவுடன் கிடைத்த பெயர் ஹென்றி ஜான் ட்ரூவல். யொரூபா மக்களின் கலையை ஆராய்ந்த அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் ஸித்திப் பெண்கள் தைக்கும் போர்வைகளைப் பற்றி அதிகம் எழுதியவர் அவர்தான். அந்தப் போர்வைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கவந்த். மூலைப் பூவுக்குப் பூலா. பூலா இல்லாத கவந்த் அம்மணமாக இருக்கிறது என்று அந்தப் பெண்கள் சொன்னதை அவர் குறித்திருக்கிறார். எங்கள் திண்ணையில் நின்ற அக்கா என் போர்வையைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கிற்று.

ஸித்திகளின் முன்னோர் ஆப்பிரிக்கர்கள். அரபு வணிகர்களாலும், கோவாவை ஆண்ட போர்த்துகீசியர்களாலும் பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். தப்பியும் விடுபட்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோரம் குடியேறியவர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று சமயத்திலும் இருக்கிறார்கள். கிறிஸ்தவர் தைத்த போர்வையில் சிலுவை வரும், முஸ்லிம்கள் தைத்ததில் பிறை வரும். மூலைப் பூவுக்கு மட்டும் சமயம் கிடையாது. 2003-இல்தான் இவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அத்தனை நூற்றாண்டு ஒரே மண்ணில் இருந்தவர்களுக்கு இவ்வளவு தாமதமாக ஒரு காகிதம்.

அவர்கள் தைக்கும் விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்றதெல்லாம் அங்கேதான். மேலைநாட்டுப் பாணியில் முதலில் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து முழு மேல்துணியைச் செய்துவிடுவார்கள். பிறகு நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டே போவார்கள். மேல்துணி ஏற்கெனவே முழுசாக இருப்பதால் அதிலுள்ள தொய்வை ஓரத்துக்குத் தள்ளித்தான் வெளியேற்ற முடியும். கவந்த் நேர்மாறு. பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் ஒட்டு வைத்து, ஓட்டுத்தையலில் ஓரமாகவே சுற்றிவந்து, சுற்றுச் சுற்றாக உள்ளே நகர்ந்து, நடுவில் வந்து முடிப்பார்கள். ஒட்டு ஒவ்வொன்றையும் கையால் நீவிவிட்ட உடனேயே ஊசி ஏறுவதால் தொய்வு சேர இடமே இல்லை. சட்டமும் வேண்டாம், மேசையும் வேண்டாம். தரைதான் மேசை, போர்வையின் மேலேயே உட்கார்ந்துகொண்டால் உடம்பின் பாரம் துணியைப் பிடித்துக்கொள்ளும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் விட்டால் சிக்கு விழும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தியில் ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகும், பாலியெஸ்டர் நழுவும், புதுத்துணியை அலசாமல் பழையதோடு சேர்த்தால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி, சுற்றியிருப்பதை இழுக்கும். பெரிய ஒட்டுகளின்மேல் அலங்காரமாக வைக்கிற சின்னச் சின்ன ஒட்டுகளுக்கு டிக்கேலி என்று பெயர். குழந்தைப் போர்வையில் டிக்கேலி நிறைய இருக்கும்.

ஆகவே பூலா ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா? கேட்டவுடன் ஆமென்று சொல்லத் தோன்றும். ஸித்திப் போர்வைகளை அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் போர்வைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அலபாமா ஆற்று வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் தொங்கின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலையிலும் ஏறின. நைந்த வேலைச் சட்டை, முட்டி தேய்ந்த காற்சட்டை, தீவன மூட்டைச் சாக்கு எல்லாம் அவற்றில் உண்டு. அந்த ஊரின் மிசௌரி பெட்வே 1942-இல், கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலைத் துணிகளைக் கிழித்தே ஒரு போர்வை தைத்தார். அதன் படத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காற்சட்டையின் பழைய மடிப்பும் கறையும் அப்படியே தெரிகின்றன.

நிறத்துணிவில் இரண்டுக்கும் உறவு இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றுவது உண்மை. ஆனால் கை வேறு கதை சொல்கிறது. ஜீஸ் பெண்டின் பேர்போன ‘ஹவுஸ்டாப்’ அமைப்பு நடுவில் ஒரு சதுரத்தில் தொடங்கி, பட்டை பட்டையாக வெளியே வளர்கிறது. கவந்தோ ஓரத்தில் தொடங்கி உள்ளே அடங்குகிறது. தோல் நிறத்தை வைத்துப் போர்வைகளுக்குச் சொந்தம் கற்பிப்பது சுலபம். ஊசி நகரும் திசையையும் பார்க்க வேண்டாமா? அடிமைக் கப்பலில் வந்தவர்கள் துணி மூட்டையோடு வந்திருக்க மாட்டார்கள். அடுக்குப் புடவைப் போர்வையோ வட கர்நாடகத்தில் வீட்டுக்கு வீடு கௌதி என்ற பெயரில் கிடக்கிறது, மராத்தியில் அதுவே கோதடி. போர்வை தக்காணத்தினுடையது, பூ ஸித்திகள் அதில் வைத்த கையெழுத்து என்பது என் கணிப்பு.

அதற்குப் பிறகு ஆப்பிரிக்காவை விட்டுவிட்டு மூலைகளையே பார்க்க ஆரம்பித்தேன். எந்த ஊர் விரிப்பானாலும் முதலில் மூலை. வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் நடுவில் தாமரை தைத்திருப்பார்கள். நாலு மூலையிலிருந்தும் மரமோ மாங்காய் வடிவமோ அந்தத் தாமரையைப் பார்த்து நிற்கும். குருசதய் தத் திரட்டிய காந்தாக்கள் கொல்கத்தாவின் ஜோகாவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சாயத்துணி விரிப்புகளிலும் பலவற்றில் நடுவில் ஒரு வட்டப் பதக்கம், மூலைக்கு மூலை அதன் கால் துண்டு. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய அந்தத் துணிகள் லண்டன்காரர்களை எப்படிப் பிடித்துக்கொண்டன என்றால், உள்ளூர் நெசவாளர் கலகம் செய்து, 1721-இல் நாடாளுமன்றமே அச்சுப்பருத்தியை உடுத்தவும் வீட்டில் புழங்கவும் தடை போட்டது. தடை நீங்க 1774 ஆயிற்று.

இவையெல்லாம் மூலையில் வரைந்த பூ. மூலையில் ஒட்டிய துணி வேண்டுமே! அது கிடைத்தது நான் நினைத்தே பார்க்காத இடத்தில். பௌத்தத் துறவிகளின் விநயப் பிடகத்தில், மகாவக்கத்தில், ஒரு சம்பவம் வருகிறது. தெற்கு மலைப் பக்கம் நடந்துபோன புத்தர், மகத நாட்டு வயல்களைப் பார்க்கிறார். கட்டங்கட்டமாக, வரப்பும் குறுக்கு வரப்புமாகக் கிடக்கின்றன. பக்கத்திலிருந்த ஆனந்தரிடம், துறவிகளின் உடையை இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்கிறார். ஆனந்தர் தைத்துக்கொண்டுவந்து காட்டுகிறார். சுருக்கமாகச் சொன்னதை விரிவாகப் புரிந்துகொண்டவர் என்று பாராட்டும் பெறுகிறார். ஒட்டுத்துணித் தையலின் வரலாற்றில் ஆண் பெயரோடு வரும் முதல் தையற்காரர் இவராகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வெட்டித் தைக்கச் சொன்னதற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது: கத்தி பட்ட துணியின்மேல் யாருக்கும் ஆசை வராது. நாம் இல்லாமையால் ஒட்டுப் போடுகிறோம். அவர்கள் ஆசை ஒட்டாமலிருக்க நல்ல துணியையே வெட்டினார்கள்.

அந்த உடை வடக்கே போய், சீனாவையும் ஜப்பானையும் அடைந்தது. ஆரல் ஸ்டைன் 1907-இல் துன்ஹுவாங் குகைகளில் 17-ஆம் குகையிலிருந்து எடுத்துப்போனவற்றில் பட்டுத் துண்டுகளால் ஒட்டிய ஒரு விரிப்பும் உண்டு. அது துறவியின் மேலாடையா, பீடத்துணியா என்பதில் இன்றும் இரண்டு கருத்து. ஜப்பானியத் துறவிகள் அணியும் மேலாடையிலோ நாலு மூலையிலும் தனியாக வெட்டி ஒட்டிய சின்னச் சதுரங்கள் இருக்கின்றன. நாலு திசை காக்கும் தேவர்கள் என்று அவற்றுக்குப் பொருள் சொல்கிறார்கள்.

எல்லாப்பூர்க் காட்டுக்கும் ஜப்பானிய மடத்துக்கும் நான் பாலம் கட்டவில்லை. போர்வை எப்படி நைகிறது என்று பார்த்தால் போதும். இழுப்பதும், உதறுவதும், கொடியில் போடும்போது பிடிப்பதும் மூலையைத்தான். முதலில் கிழிவதும் அதுதான். எங்கே யார் தைத்தாலும் அங்கே இன்னொரு துண்டு வைக்கத் தோன்றும். வைத்தபின் அது சும்மா ஒட்டாகக் கிடக்கப் பொறுக்காது. ஒரு ஊரில் தேவர் ஆகும், இன்னொரு ஊரில் பூவாகும். என் தேடலில் எனக்கு நம்பிக்கை தந்த விடை இது ஒன்றுதான்.

விநயத்தின் உரையில் இன்னும் ஒரு சங்கதி இருந்தது, அதையும் விட மனசில்லை. புத்தாடை கிடைத்த துறவி, நீலமோ சேறோ கருமையோ மூன்றிலொன்றால் அதில் பொட்டு வைத்து அழகைக் குலைத்தபிறகே உடுத்த வேண்டும். நாலு மூலையிலோ, ஒரு மூலையிலோ வைக்கலாம். அளவு? மயிலின் கண்ணளவு, அல்லது மூட்டைப்பூச்சியின் முதுகளவு. படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். தீபாவளிக்குப் புதுத்துணி மூலையில் மஞ்சள் தடவித் தருவீர்களே, எதற்கு என்றேன். “மஞ்சள் வைக்காத துணியை எவ கட்டுவா?” என்றார். ஹளியாள் அக்காவின் பதிலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மூலைப் பூவுக்குத் துணி தேர்ந்தெடுப்பதுதான் கடைசியில் பெரிய பாடாக இருந்தது. கிழிசல் துணியில் பூ நிற்காது, முனை மழுங்கிப்போகும். கொஞ்சம் கஞ்சி போட்ட, முறுக்குள்ள பருத்தி வேண்டும். அதாவது நல்ல துணி. வீட்டில் அப்படி இருந்தது ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியும், கட்டாமலே பீரோவில் கிடந்த மஞ்சள் கோடம்பாக்கம் புடவையின் முந்தானையும். கத்தரியை எடுத்தபோது கணவர் அறையைவிட்டு எழுந்து போய்விட்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதல் பூவை வைத்துத் தந்தார். மற்றதை என்னிடமே விட்டார். மூன்றாவதில் மஞ்சள் மேலேயா சிவப்பு மேலேயா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அவர் சொன்னபடியே வைத்தேன், சிவப்பு மேலே.

கரூரிலிருக்கும் நாத்தனார் படத்தைப் பார்த்துவிட்டு, மெத்தை விரிப்பு வெட்டுகிற பட்டறையிலிருந்து ஒரு மூட்டைத் துண்டுத்துணி அனுப்பியிருக்கிறார். இரட்டைக் கட்டிலுக்கு வேண்டுமாம். அவ்வளவு தடிமனான துணியில் முக்கோணம் மடியாது என்று சொல்லிப் பார்த்தேன். மூலைக்கு மட்டும் வேறு துணி தருகிறேன், ஆனால் பூ இல்லாமல் அனுப்பிவிடாதே என்கிறார்.